மஞ்சள் கப்ளரைப் பிடுங்குமுன்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். உன் பக்கம் கம்ப்ரசர் இரைச்சல். நான் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். பாதியைக் கேட்டுவிட்டு வேலை பார்க்கிற விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொடைக்கானல் சவாரி போய்வந்த கார் ஒன்று ஷெட்டுக்கு வந்திருக்கிறது. டிரைவர் சீட் பட்டனை அழுத்தினால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சீனியர், 'சீட்டைக் கழற்றி வெளியே போடு, அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். நீ குனிந்து பார்த்தால் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கப்ளர். பிடுங்கலாமா என்று கேட்டாய்.

இப்போதைக்குத் தொடாதே. அதைப் பிடுங்க ஒரு முறை இருக்கிறது. அதற்கு முன்னால், பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்று பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. நம் ஷெட்டுகளில் இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சீட் நகரவில்லை என்று வருகிற வண்டிகளில் நிறைய, சீட்டை இறக்காமலேயே சரியாகிவிடக்கூடியவை.

நான் வேலை பழகியபோது இந்தத் தலைவலியே கிடையாது. அம்பாசிடரின் முன் சீட் ஒரே நீளம். மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். கழற்ற ஸ்பேனர் போதும், படிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் 1957லேயே காடிலாக் எல்டொராடோ பிரோகம் என்ற காரில் மோட்டார் சீட் இருந்தது. ஓட்டுபவர் உட்காரும் நிலையை ஞாபகம் வைத்திருந்து அங்கேயே கொண்டுபோய் நிறுத்தவும் செய்தது. நம் பக்கம் அது வெகுகாலம் பணக்காரச் சரக்காகவே இருந்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற கிரெட்டா காரின் மேல் ரகங்களில் எட்டு வழி மோட்டார் சீட் வருகிறது. வத்தலக்குண்டு வழியாக மலை ஏறுகிற வண்டிகளில் இதைப் பார்ப்பது அதிசயமில்லை. ஆகவே நீ இதைப் படித்தே ஆக வேண்டும்.

எட்டு வழி என்றதும் எட்டு மோட்டார் என்று நினைத்துவிடாதே. ஒரு மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றும். அதனால் ஒரு மோட்டாருக்கு இரண்டு வழி. முன்-பின், மேல்-கீழ், முதுகுச் சாய்வு என்றால் மூன்று மோட்டார், ஆறு வழி. தொடைப் பக்கத்து முன் விளிம்பைத் தூக்க ஒன்று சேர்ந்தால் எட்டு. இடுப்புக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வந்தால் பத்து. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிகிற எண்ணுக்கு இவ்வளவுதான் பொருள்.

மோட்டார் என்பது சாதாரண 12 வோல்ட் டிசி மோட்டார். உள்ளே நிலைக்காந்தம், கார்பன் பிரஷ், வெளியே இரண்டு வயர். ஒரு வயருக்கு பாசிட்டிவும் மற்றதற்கு எர்த்தும் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம். சுவிட்சின் வேலை இந்த மாற்றல்தான். கவனிக்க ஒன்று உண்டு: நேரடி சுவிட்ச் உள்ள வண்டிகளில் பட்டனைத் தொடாமல் இருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரும் எர்த்தில்தான் இருக்கும். பட்டனை அழுத்தினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு பாசிட்டிவுக்குத் தாவும். கையை எடுத்ததும் இரண்டும் மறுபடி எர்த்தில் சேர, சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் தனக்குத்தானே ஷார்ட் ஆகி பிரேக் போட்டது போல் நின்றுவிடுகிறது. அதனால்தான் சீட் வழுக்கிக்கொண்டு போகாமல் விட்ட இடத்திலேயே நிற்கிறது. இதிலிருந்து உனக்கு ஒரு சோதனையும் கிடைக்கிறது: மோட்டாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஓய்வில் சுவிட்ச் பக்கத்து இரண்டு வயரிலும் எர்த் இருக்கிறதா என்று பார். ஒன்றில் இல்லையென்றால் அந்தப் பக்கத்து சுவிட்ச் காண்டாக்டோ எர்த் இணைப்போ போயிருக்கிறது.

மோட்டார் வேகமாகச் சுற்றும், சீட்டோ மெல்ல ஊர வேண்டும். நடுவில் இருப்பது வார்ம் கியர். சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ரெயில் உண்டு. கீழ் ரெயில் தரையோடு போல்ட் போட்டது, மேல் ரெயில் சீட்டோடு சேர்ந்தது. ரெயிலுக்குள் நீளமான திருகுத் தண்டு ஒன்று ஓடும். பல வண்டிகளில் மோட்டார் இரண்டு ரெயிலுக்கும் நடுவில் உட்கார்ந்து, இடமும் வலமும் வளையக்கூடிய டிரைவ் கேபிள் ஒவ்வொன்றை நீட்டி, இரண்டு பக்கத்துக் கியர் பெட்டியையும் ஒரே நேரத்தில் சுற்றுகிறது. திருகில் நட் ஊர, சீட் ஊர்கிறது.

உன்னிடம் ஸ்க்ரூ ஜாக்கி இருக்கிறது அல்லவா? கைப்பிடியைச் சுற்றினால் வண்டி ஏறும்; வண்டியின் பாரம் முழுதும் அழுத்தினாலும் ஜாக்கி தானாகத் திரும்பச் சுற்றாது. இங்கும் அதே சூட்சுமம். திருகு சீட்டை நகர்த்தும், சீட் திருகைச் சுற்ற முடியாது. திடீர் பிரேக்கிலும் மோதலிலும் சீட்டைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் குணம். மோட்டார் அங்கே ஒன்றும் பிடிப்பதில்லை; மின்சாரமே இல்லாவிட்டாலும் சீட் அசையாது. இதைப் புரிந்துகொண்டால், அந்தத் திருகையும் கியர் பெட்டியையும் கையில் கிடைத்த பழைய சாமானை வைத்து ஒப்பேற்றக் கூடாது என்பது தானாகப் புரியும்.

கணக்குப் போட்டுப் பார். 60 கிலோ எடையுள்ள ஆள். மோதலில் உடல் எடையைப்போல் 25 மடங்கு விசை வருகிறது என்று வைத்துக்கொள். ஒன்றரை டன். பெல்ட் மாட்டுகிற பக்கிள் பல கார்களில் சீட்டின் சட்டத்தோடுதான் போல்ட் போடப்பட்டிருக்கும். அந்த ஒன்றரை டன்னில் ஒரு பெரும் பங்கு பக்கிள் வழியாகச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து நாலு போல்ட் வழியாகத் தரைக்கும் இறங்குகிறது. நீ கழற்றப் போவது மெத்தை போட்ட நாற்காலி என்று நினைத்தால் கை அலட்சியமாகப் போகும். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் எந்த மரியாதையோடு தொடுவாயோ அதே மரியாதை சீட்டுக்கும் வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது.

சரி, உன் வண்டிக்கு வருவோம். முதலில் ஸ்பேனரை எடுக்காதே, டார்ச்சை எடு. மண்டி போட்டு சீட்டுக்கு அடியில் பார். மலைக்குப் போய்வந்த வண்டியில் யூகலிப்டஸ் தைலப் பாட்டில், சாக்லேட் காகிதம், சார்ஜர் வயர், பிள்ளைகளின் பொம்மைச் சக்கரம், சில்லறைக் காசு எல்லாம் இருக்கும். ரெயில் வாயில் ஒரு பத்து ரூபாய்க் காசு சிக்கினால் போதும். நம் ஊரில் தை மூன்றாம் நாள் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிற சமயம் கூடை கூடையாகப் பழத்தை சீட்டிலேயே வைத்துக் கொண்டுவருவார்கள். நசுங்கியது ரெயிலுக்குள் காய்ந்து கல்லாகிவிடும். எதையும் கையை விட்டு எடுக்காதே. பல கார்களில் சாவி இல்லாமலேயே சீட் மோட்டார் ஓடும். நீ கை விட்டிருக்கும்போது மேலே யாராவது பட்டனில் சாய்ந்தால் விரல் போய்விடும். வளைந்த கம்பியோ இடுக்கியோ வைத்து எடு, கதவருகில் யாரையும் நிற்க விடாதே. மஞ்சள் உறை போட்ட வயர் பக்கம் கம்பியைக் கொண்டுபோகாதே.

அடுத்தது, எது நகரவில்லை என்று பிரித்துப் பார். எந்த அசைவுமே இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவானதில்தான் கோளாறு: ஃபியூஸ், எர்த், சீட்டுக்கு வரும் பெரிய கப்ளர், இல்லாவிட்டால் இறங்கிப்போன பேட்டரி. சாய்வு வேலை செய்கிறது, முன்-பின் மட்டும் இல்லை என்றால் கரண்ட் சீட் வரை வந்துவிட்டது. ஃபியூஸைத் தேடி நேரத்தை வீணாக்காதே. சுவிட்சிலோ, அந்த ஒரு மோட்டாரிலோ, ரெயிலிலோ இருக்கிறது.

பிறகு காதை வைத்துக் கேள். மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டும் சீட் அசையவில்லை என்றால் டிரைவ் கேபிளின் சதுர முனை மழுங்கியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் கியரில் பல் போயிருக்கும். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் எங்கோ சிக்கல். சத்தமே இல்லையென்றால் மின் கோளாறு. ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நகராமல் சீட் கோணிக்கொண்டு நின்றால் ஒரு பக்கத்துக் கேபிள் விட்டுப்போயிருக்கிறது. அப்போது தோளைக் கொடுத்துத் தள்ளாதே. ஆம்பிளைப் பலத்தைக் காட்ட ஷெட்டில் எப்போதும் ஒருவர் தயாராக இருப்பார்; அவரையும் தள்ள விடாதே. கோணிய ரெயில் பிறகு நேராகாது.

'சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடல' என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டியும் உண்டு. அதற்கு ஒரு காரணத்தைச் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த பாடம். மோட்டார் சுற்றும்போது தானும் ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும். அது கரண்டை மட்டுப்படுத்தும். சுற்ற முடியாமல் நின்றுவிட்டால் எதிர் வோல்டேஜ் இல்லை. சுருளின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டுக்கு 24 ஆம்பியர் பாயும், 288 வாட் முழுதும் சூடாக மாறும். உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார் அதை எத்தனை நேரம் தாங்கும்? அதனால்தான் வழியில் தானே விட்டுத் தானே சேருகிற பிரேக்கர் வைப்பார்கள். சூடேறினால் துண்டிக்கும், ஆறினால் சேரும். சீட் கடைசி வரை போன பிறகும் பட்டனை விடாமல் அழுத்துகிறவர்கள், பிசுக்கேறிய ரெயிலோடு ஓட்டுகிறவர்கள் வண்டியில் இது நடக்கும். பிரேக்கர் விடுகிறதே என்று நேரடி வயர் கொடுத்துவிடுகிற கைவண்ணத்தை நான் பார்த்திருக்கிறேன். அது தீ வைப்பதற்குச் சமம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2024 ஜூனில் அமெரிக்காவில் கியா நிறுவனம் டெல்யுரைடு என்ற மாடலில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் முன் சீட்டின் ஸ்லைடு பட்டன். பக்கவாட்டு மூடியில் அடிபட்டாலோ பட்டனைத் தவறாகக் கையாண்டாலோ அது அழுந்தியபடியே மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாட்டினால் மோட்டார் விடாமல் கரண்டை இழுத்துச் சூடாகித் தீப்பிடிக்கலாம். சரிசெய்கிற வரை வண்டியை வீட்டை விட்டுத் தள்ளி, வெளியே நிறுத்தச் சொன்னார்கள். ஆகவே பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போடும்போது பட்டன் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு பக்கமும் தட்டிப் பார்ப்பதைச் சின்ன வேலையாக நினைக்காதே.

மீட்டர் வைக்கும்போது ஒரு சூது. கப்ளரைக் கழற்றி வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது என்று நம்பிவிடாதே. பச்சை பூத்த எர்த் இணைப்பும் லோடு இல்லாதபோது முழு வோல்டேஜைக் காட்டும். மோட்டார் மாட்டியிருக்க, பட்டனை அழுத்தியபடி பார்க்க வேண்டும். அப்போது எட்டோ ஒன்பதோதான் காட்டினால் வழியில் எங்கோ தடை. வாட்டர் சர்வீசில் உள்ளேயும் பீச்சி அடிக்கிறார்களே, அந்தத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் நாள்கணக்கில் நின்று இந்தக் கப்ளர்களை அரிக்கும். சீட் முன்னும் பின்னும் போகிறபோதெல்லாம் வளைந்து நிமிர்கிற வயர் கட்டையும் பார். சட்டத்தின் கூர் விளிம்பில் உரசி இன்சுலேஷன் போயிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சீட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அப்போதுதான் மஞ்சள் கப்ளர் கணக்குக்கு வருகிறது.

மஞ்சள் என்றால் ஏர்பேக் இணைப்பு என்று எடுத்துக்கொள். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். 2021 முடிவதற்குள் முன் பயணிக்கும் கட்டாயமாகிவிட்டது. ஆறு ஏர்பேக் வேண்டும் என்று 2022இல் அரசு கொண்டுவந்த வரைவு கட்டாயமாகவில்லை. ஆனாலும் பல கம்பெனிகள் தாமாகவே ஆறு போடுகின்றன. அந்த ஆறில் இரண்டு, முன் சீட்டுகளின் முதுகுக்குள், கதவுப் பக்க ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் இடித்தால் கதவுக்கும் விலாவுக்கும் நடுவில் இருக்கிற கையகல இடத்தில் கண் இமைப்பதற்குள் அது விரிந்தாக வேண்டும். அதனால் உள்ளே வெடிமருந்துத் திரி இருக்கிறது. பக்கிளை இழுத்துப் பெல்ட்டை இறுக்குகிற பிரீடென்ஷனரிலும் அப்படி ஒன்று இருக்கலாம். இரண்டின் வயரும் சீட்டுக்கு அடியில்தான் வரும்.

அந்தத் திரியைக் கிளப்ப எவ்வளவு கரண்ட் வேண்டும் தெரியுமா? பொதுவாகப் பயன்படும் வகையில் 1.2 ஆம்பியர், 2 மில்லி விநாடி நேரம். நம் டெஸ்ட் லேம்பில் இருக்கும் 21 வாட் பல்ப் 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். 'கரண்ட் வருதா பார்ப்போம்' என்று மஞ்சள் கப்ளரில் டெஸ்ட் லேம்பை வைத்தால் ஏர்பேக் முகத்திலேயே வெடிக்கலாம். மீட்டரில் ஓம் பார்க்கிறேன் என்பதும் வேண்டாம்; ஓம் பார்க்க மீட்டர் தானே கரண்ட் அனுப்புகிறது. அந்தச் சோதனைக்கு ஸ்கேனர் இருக்கிறது.

இன்னொன்று. பேட்டரியைக் கழற்றியதும் ஏர்பேக் செத்துவிடாது. மோதலில் பேட்டரியே நசுங்கிப் போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டரில் கரண்ட் சேர்த்து வைத்திருப்பார்கள். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். சில கம்பெனி 90 விநாடி என்கிறது, சில 3 நிமிடம், சில அதற்கும் மேலே. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம். மேனுவல் கையில் இல்லையென்றால் அந்த வேலையை எடுக்காதே. சில ஹைபிரிட் கார்களில் இரண்டாவது பேட்டரி ஒன்று முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பானெட்டுக்குள் இருப்பதை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஒரு முட்டுச் சந்தில் மாட்டிக்கொள்வார்கள். பேட்டரியை முதலில் கழற்றினால் சீட் நகராது. சீட் நகராவிட்டால் போல்ட் எட்டாது. ஆகவே வரிசை முக்கியம். ஹெட்ரெஸ்டை எடுத்துவிடு. சீட்டை முழுக்கப் பின்னால் கொண்டுபோ, முன் போல்ட் இரண்டும் தெரியும், அவற்றைக் கழற்று. பிறகு முழுக்க முன்னால் கொண்டுவந்து பின் போல்ட்டுகளைத் தளர்த்து, எடுத்துவிடாதே. சீட்டை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்து. வெளியே தூக்கும்போது எடை ஒரு பக்கம் சாயாது. அந்த நிலையில் பின் போல்ட்டுகளுக்குக் கை எட்டினால் அவற்றை விரலால் சுற்றி எடுத்துவிடலாம். எட்டாத வண்டியில் கடைசியாக எட்டுகிற இடத்திலேயே நிறுத்திக்கொள். இதற்குப் பிறகுதான் சாவியை எடுப்பது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது, மேனுவல் சொன்ன நேரம் காத்திருப்பது. நெகட்டிவ் கேபிளின் முனையைத் துணி சுற்றி ஒதுக்கிக் கட்டு. இல்லாவிட்டால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். காத்திருக்கும்போது டீ குடித்துவிட்டு வா, யாரும் கேட்கமாட்டார்கள்.

உன் வண்டியில் முன்-பின் மோட்டாரே ஓடவில்லை என்கிறாய். அப்படியானால் அந்த ஒரு மோட்டாரின் இரண்டு வயர் கப்ளரை மட்டும் கழற்றி, வெளிப் பேட்டரி ஒன்றிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி நகர்த்தலாம். பத்து அல்லது பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். தொடுகிற வயர் மோட்டாருக்குப் போகிறதுதானா என்று கையால் தடவிப் பின்தொடர்ந்து உறுதி செய்தபின் தொடு. மோட்டாரே எரிந்திருந்தால், டிரைவ் கேபிளை மோட்டாரிலிருந்து விடுவித்து இரண்டு பக்கத்தையும் சம அளவு கையால் சுற்ற வேண்டியிருக்கும்.

காத்திருந்த பிறகு சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, மஞ்சள் கப்ளரின் பூட்டைத் தூக்கிவிட்டுக் கழற்று. வயரைப் பிடித்து இழுக்காதே. திரி இருக்கிற பக்கத்துக் கப்ளருக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு உண்டு. கழன்றதும் அது இரண்டு முனையையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும், நம் உடம்பின் ஸ்டேட்டிக் கரண்ட் திரியைக் கிளப்பாதிருக்க. அதை நெம்பிப் பார்க்கிற ஆசை வேண்டாம். தொடுமுன் வண்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்.

மோட்டார் சீட் கனமானது. தனியாகத் தூக்காதே, இன்னொருவரைக் கூப்பிடு. ரெயில் விளிம்பு கத்தி. கையுறை போடு, கதவு நிலையில் பழைய போர்வையை விரி. ஏர்பேக் இருக்கிற ஓரம் யாருடைய உடம்பையும் பார்க்காதபடி தூக்கு, அந்த ஓரம் அடியில் நசுங்காதபடி வை. சீட் வெளியே இருக்கும்போது வண்டியில் சாவி போடவே கூடாது. போட்டால் ஏர்பேக் கம்ப்யூட்டர் பையைக் காணோம் என்று பதிந்துகொள்ளும், சிவப்பு விளக்கு அணையாது, பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை அழிக்க முடியாது.

வெளியே எடுத்த பிறகு வேலை எளிது. காய்ந்த கிரீசைத் துணியால் வழித்து எடு, மெல்லிசாக லித்தியம் கிரீஸ் தடவு. எண்ணெய் பீச்சாதே, அது தூசியை அழைத்துவந்து ஒரு மாதத்தில் பழையபடி ஆக்கும். டிரைவ் கேபிளை மாட்டுமுன் இரண்டு ரெயிலும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து அள. மெமரி உள்ள சீட்டில் மோட்டாருக்குள் காந்தமும் சென்சாரும் இருக்கும். மோட்டார் சுற்றச் சுற்றத் துடிப்புகளை எண்ணித்தான் சீட் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அறிகிறது. நீ வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து ஓட்டியது அதற்குத் தெரியாது. மாட்டிய பிறகு மேனுவலில் உள்ளபடி ஒவ்வொரு கோடி வரைக்கும் ஓட்டிக் காட்டி மறுபடி கற்பிக்க வேண்டும். பயணி சீட்டாக இருந்தால் ஆள் உட்கார்ந்திருப்பதை அறிகிற சென்சாரும் இருக்கலாம். அதன்மேல் முட்டி போடாதே.

திரும்ப மாட்டும்போது நாலு போல்ட்டையும் முதலில் கையாலேயே சுற்று. ஏர் கன்னால் நேரடியாக ஏற்றினால் தரையில் உள்ள நட்டின் மரை போய்விடும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவலில் உள்ள அளவுக்கு. சில போல்ட்டில் பசை தடவியிருக்கும். ஒருமுறை கழற்றினால் புதிது போடச் சொல்லியிருந்தால் புதிதே போடு. டப்பாவைத் துழாவி அளவு பொருந்துகிற ஒன்றைப் போடுவது சீட்டில் செல்லாது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், மோட்டார் சீட்டின் உயரத்தை மாற்றும் பகுதியில் இருந்த ஒரே ஒரு போல்ட். அது தளர்ந்து விழுந்தால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சீட் திடீரென்று கீழே இறங்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு வளைவில் அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துக்கொள்.

எல்லாக் கப்ளரும் மாட்டிய பிறகே நெகட்டிவ் கேபிள். முதல் தடவை சாவி போடும்போது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. வெளியே நின்று கையை மட்டும் நீட்டிப் போடு. ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியைக் கொடுக்காதே, 'ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க' என்று சொல்லவும் செய்யாதே. அந்த விளக்கு எரிந்தால் மோதலில் பை வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு சீட்டைக் கோடிக்குக் கோடி ஓட்டி, வயர் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

வண்டியை எடுத்துப்போக வருகிறவரிடம் இரண்டு வார்த்தை சொல். வண்டியை நிறுத்திய பிறகு மட்டுமே சீட்டை நகர்த்தச் சொல். மார்பெலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு உட்காரச் சொல். குள்ளமானவர்கள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுவார்கள், உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி முதுகை லேசாகச் சாய்த்தால் அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை. அப்புறம் சீட் கவர். கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை இருந்தால், அதை முழுக்க மூடித் தைத்த ரெக்சின் கவர் பையை விரிய விடாது. அந்த இடத்தில் பிரிந்து கொடுக்கும்படி தைத்த கவர்கள் கிடைக்கின்றன. கவர் வியாபாரி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உன் சீனியர் கெட்டவர் இல்லை, மோட்டார் சீட் வராத காலத்தில் பழகியவர், நானும் அப்படித்தான். அவரிடம் எதிர்த்துப் பேசாதே. 'அண்ணே, இந்த வண்டிக்கு மேனுவல் எடுத்துக் கொடுங்க, எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்னு பார்த்துட்டுத் தொடுறேன்' என்று கேள். கொடுக்காவிட்டால், மஞ்சள் கப்ளர் உள்ள சீட்டை நீ கழற்றாதே. அதற்காக யாராவது திட்டினால் எனக்குப் போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா
சேவுகம்பட்டி